பந்தயச் செயின்சாவுக்கு அலுமினியப் பாகங்கள் செய்வது எப்படி: அளவெடுப்பது முதல் முதல் ஓட்டம் வரை

மாற்றியமைத்த எஞ்சினோடு மரம் அறுக்கும் பந்தயத்துக்குத் தயாராகும் செயின்சாவுக்கு (சங்கிலி ரம்பத்துக்கு), கடையில் கிடைக்காத அலுமினியப் பாகங்களை நீங்களே செய்துகொள்வதற்கான வழிமுறை இது. மூன்று பாகங்களை வைத்து விளக்குகிறேன்: பெரிய கார்புரேட்டரைச் சிலிண்டரோடு இணைக்கும் அடாப்டர், பாரைத் (சங்கிலி சுற்றி ஓடும் நீண்ட எஃகுத் தகட்டை) தாங்கும் பக்கத் தகடு, தகட்டை மடித்து வெல்டிங் செய்யும் எரிபொருள் டேங்க். இவற்றைச் செய்யப் பழகியவருக்குக் கைப்பிடித் தாங்கியும் ஸ்டார்ட்டர் மூடியும் கடினமாக இருக்காது.

புதியவர்கள் தடுமாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கைத்திறன் போதாமல் கெட்ட பாகங்களைவிட, வரிசை தவறியதால் கெட்ட பாகங்களே அதிகம். வெளிவடிவத்தை முதலில் அழகாக வளைத்து வெட்டிவிடுகிறார்கள். பிறகு துளை போட வேண்டிய நேரத்தில் வைஸில் பிடிக்க நேரான பக்கம் ஒன்றும் மிஞ்சுவதில்லை. கட்டி சதுரமாக இருக்கும்போதே துளைகளையும் எஞ்சினோடு சேரும் முகங்களையும் முடித்துவிட வேண்டும். கீழே உள்ள படிகளின் வரிசை இதை வைத்தே அமைந்திருக்கிறது.

1. அலுமினியத்தில் செய்யக்கூடாதவை

புகைபோக்கிக் குழாயும் அதன் ஃபிளாஞ்சும் (போல்ட் போட்டு இணைக்கும் விளிம்புத் தகடு) இரும்பில்தான் இருக்க வேண்டும். 6061 ரக அலுமினியம் உருகத் தொடங்குவது 580 டிகிரி செல்சியஸ் அளவில். ஆனால் 200 டிகிரியைத் தாண்டும்போதே அதன் வலிமை வெகுவாகச் சரிந்துவிடும். எக்ஸாஸ்ட் வாயுவின் வெப்பம் இதைவிட மிக அதிகம்.

ஸ்ப்ராக்கெட் (சங்கிலியை ஓட்டும் பல்சக்கரம்), கிளட்ச் டிரம், பார் ஸ்டட் (பாரை இறுக்கும் மரைத் தண்டு) ஆகியவையும் எஃகுதான். இங்கே எடை குறைத்துக் கிடைக்கும் பலன் சொற்பம். உடைந்தால் சங்கிலி பறக்கும்.

சிலிண்டரின் தலையை அறுத்துத் தனி ஹெட் பொருத்தும் ஆசை எல்லோருக்கும் வரும். அதை முதல் வேலையாக எடுக்க வேண்டாம். பிஸ்டனுக்கும் ஹெட்டின் ஓரத்துக்கும் இடையே விடும் இடைவெளி மாற்றியமைத்த எஞ்சின்களில் 0.5 மி.மீ. அளவுக்கு வந்துவிடும். அடாப்டர் செய்து அளவுகளில் நம்பிக்கை வந்த பிறகு அங்கே போகலாம்.

2. வேலைக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் நீங்கள் கலந்துகொள்ளப் போகும் பிரிவின் விதித்தாள். வெளித்தோற்றத்தை மாற்றக்கூடாத பிரிவுகள் உண்டு. எடைக்கு வரம்பு வைத்த பிரிவுகள் உண்டு. சங்கிலி பிடிப்பானும் (அறுந்த சங்கிலியைத் தடுக்கும் பாகம்) கவசமும் கட்டாயமான பிரிவுகளும் உண்டு. பாகத்தை முடித்துவிட்டு விதியைப் படிப்பது பொருளையும் நேரத்தையும் வீணாக்கும்.

கருவிகளில் மில்லிங் மெஷின் இருந்தால் வேலை எளிது. இல்லாவிட்டால் உறுதியான பில்லர் டிரில், நல்ல வைஸ், நான்கு தாடை சக் உள்ள லேத் ஆகியவற்றை வைத்தே அடாப்டரை முடிக்கலாம். டிஜிட்டல் வெர்னியர், டயல் கேஜ், மூலைமட்டம், சென்டர் பஞ்ச், மரை போடும் டேப்புகள், தடித்த கண்ணாடித் தகடு, எமரி தாள், மண்ணெண்ணெய் ஆகியவை அவசியம்.

எண்ட் மில் (மில்லிங் மெஷினில் சுழன்று வெட்டும் கருவி) வாங்கும்போது இரண்டு அல்லது மூன்று வெட்டுவாய் உள்ளதை எடுங்கள். அலுமினியச் சீவல் தடிமனாகவும் ஒட்டும் தன்மையோடும் வருவதால், நான்கு வாய் உள்ளதில் அது வெளியேற இடமில்லாமல் அடைத்துக்கொள்ளும். எஃகுக்கென்று விற்கும் டைட்டானியம்-அலுமினியம் நைட்ரைடு பூச்சுள்ள கருவியைத் தவிருங்கள்; அந்தப் பூச்சில் அலுமினியம் எளிதில் ஒட்டிக்கொள்ளும். பூச்சில்லாத, பளபளப்பான கருவி போதும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. தொழில்முறைச் செயின்சாக்கள் பலவற்றின் கிராங்க் கேஸ் (கிராங்க் தண்டு சுழலும் எஞ்சின் பெட்டி) மக்னீசியக் கலவையால் ஆனது. அதைத் துளையிடும்போதோ அரைக்கும்போதோ வரும் தூள் தீப்பிடிக்கும். தண்ணீர் ஊற்றினால் தீ இன்னும் மூளும். அந்த வேலை நடக்கும் இடத்தில் காய்ந்த மணலோ உலோகத் தீக்கான டி வகை அணைப்பானோ வைத்திருங்கள். அலுமினியத் தூளும் இரும்புத் துருவும் கலந்தாலும் ஆபத்துதான். ஆகவே அலுமினியத்தை இரும்பு தீட்டும் கிரைண்டரில் வைக்காதீர்கள். அந்தச் சக்கரத்தில் அலுமினியம் அடைத்துக்கொண்டு சூடேறினால் சக்கரமே உடைந்து தெறிக்கக்கூடும்.

3. எந்த ரக அலுமினியம்

அடாப்டருக்கும் தாங்கிகளுக்கும் 6061-டி6 (டி6 என்பது வெப்பத்தால் வலுவேற்றிய நிலை) சரியானது. நன்றாக வெட்டும், மரை பிடிக்கும், வெல்டிங்கும் ஏற்கும். இழுக்கும்போது அது நிரந்தரமாக நீளத் தொடங்கும் எல்லை சுமார் 275 மெகாபாஸ்கல்.

7075-டி6 அதைவிட ஏறத்தாழ இருமடங்கு வலிமையானது. பார் தகட்டுக்கு ஏற்றது. ஆனால் வெல்டிங் செய்தால் விரிசல் விடும். வெல்டிங் தேவைப்படும் எந்தப் பாகத்துக்கும் இதை எடுக்கக்கூடாது. எதிலிருந்து வெட்டியது என்று தெரியாத பழைய துண்டை வாங்கி வெல்டிங் செய்து, ஆறும்போதே கீறல் விடுவதைப் பார்த்துத் திகைப்பவர்கள் ஏராளம். ரக எண் அச்சிட்ட கட்டியாக வாங்குங்கள். மீதித் துண்டில் அந்த எண்ணை மார்க்கரால் எழுதி வையுங்கள்.

டேங்க்குக்கு 5052-எச்32 தகடு. இது மடிக்கும்போது விட்டுக்கொடுக்கும். 6061-டி6 தகட்டைக் கூர்மையாக மடித்தால் வெளி ஓரம் பிளக்கும். மடிப்பின் உள் ஆரம் தகட்டுத் தடிமனைப்போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும். அவ்வளவு வளைவு சின்ன டேங்க்குக்கு ஒத்துவராது.

4. எஞ்சினிலிருந்து அளவெடுத்தல்

அளவை எஞ்சினில் எடுங்கள். இணையத்தில் கிடைக்கும் வரைபடத்தையும் அதே மாடலின் இன்னொரு எஞ்சினையும் நம்ப வேண்டாம். வார்ப்பில் வந்த துளைகள் எஞ்சினுக்கு எஞ்சின் சற்று விலகியிருக்கும்.

இரு துளைகளின் மைய தூரத்தைக் கண்டுபிடிக்க, அவற்றின் உள் ஓரங்களுக்கு இடையிலான தூரத்தையும் வெளி ஓரங்களுக்கு இடையிலான தூரத்தையும் கூட்டி இரண்டால் வகுங்கள். துளைகளின் விட்டம் வேறுபட்டாலும் இந்தக் கணக்கு சரியாக வரும். நான்கு போல்ட் உள்ள ஃபிளாஞ்சில் மூலைவிட்டங்கள் இரண்டையும் அளக்க வேண்டும். அவை சமமாக இல்லையென்றால் துளைகள் செவ்வகமாக இல்லை என்று பொருள்.

துளைகளின் அமைப்பைத் தாளிலும் பதிவுசெய்யுங்கள். ஃபிளாஞ்சின் மீது மெல்லிய மை தடவி, தடித்த தாளை அழுத்தி எடுத்தால் போர்ட்டின் (சிலிண்டருக்குள் காற்று நுழையும் வாயின்) வடிவமும் துளைகளும் பதியும். வெர்னியர் அளவும் தாளும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் மறுபடி அளப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அடுத்ததை மறப்பவர்கள்தான் மிக அதிகம்: பல்ஸ் துளை. செயின்சாவின் டயாஃப்ரம் (மெல்லிய சவ்வு) கார்புரேட்டருக்குள் இருக்கும் எரிபொருள் பம்ப், கிராங்க் கேஸில் மாறிமாறி வரும் அழுத்தத்தால் இயங்குகிறது. அந்த அழுத்தத்தைக் கொண்டுவரும் சிறு துளை பல எஞ்சின்களில் இன்டேக் (காற்று உள்ளே வரும் பக்க) ஃபிளாஞ்சிலேயே ஒளிந்திருக்கும். அடாப்டரில் அதற்கு வழி விடாவிட்டால் எஞ்சின் இரண்டு முறை உறுமிவிட்டு நின்றுவிடும். கார்புரேட்டரில் கோளாறு என்று நினைத்து அதைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். பல்ஸ் துளையின் இடத்தையும் விட்டத்தையும் முதல் தாளிலேயே குறித்துவிடுங்கள்.

கடைசியாக, எது எதோடு சேர்ந்து அசைகிறது என்று பாருங்கள். அதிர்வு தாங்கும் ரப்பரோ ஸ்பிரிங்கோ உள்ள செயின்சாவில் எஞ்சின் ஒரு பக்கம், கைப்பிடிச் சட்டம் ஒரு பக்கம் என்று தனித்தனியே அசையும். பல மாடல்களில் கார்புரேட்டர் சட்டத்தின் பக்கம் இருக்கும். நடுவில் உள்ள ரப்பர் குழாய் அந்த அசைவைத் தாங்கிக்கொள்ளும். அந்த இடத்தில் விறைப்பான அலுமினிய அடாப்டரை மாட்டினால் அது விரிசல் விடும், அல்லது ஃபிளாஞ்சைப் பெயர்க்கும். அடாப்டர் போட முடிவுசெய்தால் கார்புரேட்டரை முழுவதும் எஞ்சினோடு சேர்த்துவிடுங்கள். ஆக்சிலேட்டர் இணைப்பைக் கேபிளுக்கு மாற்றுங்கள். சட்டத்தைக் கையால் எல்லாத் திசையிலும் அழுத்தித் தள்ளிப் பார்த்து, கார்புரேட்டர் எங்கும் இடிக்காத இடைவெளியை அளந்துகொள்ளுங்கள்.

5. மாதிரி செய்து பொருத்திப் பார்த்தல்

தடித்த அட்டையில் ஃபிளாஞ்சை வெட்டி எஞ்சினில் வைத்துப் பாருங்கள். பிறகு மரத்திலோ முப்பரிமாண அச்சிலோ முழு வடிவ மாதிரி ஒன்று. இதைத் தவிர்த்து நேராக உலோகத்துக்குப் போனவர்களுக்கு ஒரே மாதிரியான சிக்கல்தான் வரும்: பாகம் சரியாக இருக்கும், ஆனால் போல்ட்டை முறுக்க ஸ்பானர் நுழையாது. மாதிரியை மாட்டி, ஒவ்வொரு போல்ட்டையும் உண்மையான கருவியால் முறுக்கிப் பாருங்கள். கார்புரேட்டரின் எச், எல் திருகுகளுக்கு (அதிவேக, குறைவேகக் கலவையைச் சரிசெய்பவை) ஸ்க்ரூ டிரைவர் எட்டுகிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிட வேண்டும்.

6. கட்டியைச் சதுரமாக்குதல்

முடிந்த அளவைவிட ஒவ்வொரு பக்கமும் 2 அல்லது 3 மி.மீ. கூடுதலாகக் கட்டியை அறுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெரிய முகத்தைச் சமமாக்கி, அதை வைஸின் நிலையான தாடையோடு ஒட்ட வைத்து அடுத்த முகத்தை வெட்டுங்கள். அசையும் தாடைப் பக்கம் ஒரு உருண்டைக் கம்பியை வைத்து இறுக்கினால், வெட்டிய முகம் நிலையான தாடையில் முழுதாகப் படியும். இல்லாவிட்டால் கட்டியின் கோணல் அடுத்த முகத்துக்கும் போய்விடும்.

அந்த முதல் முகத்தில் ‘அ’ என்று எழுதி வையுங்கள். இனி எல்லா அளவும் அந்த முகத்திலிருந்தும் அதற்குச் செங்குத்தான ஒரு பக்கத்திலிருந்தும் மட்டுமே எடுக்கப்படும். ஒரு துளையை இந்த ஓரத்திலிருந்தும் அடுத்ததை எதிர் ஓரத்திலிருந்தும் அளந்தால், கட்டியின் அகலத்தில் உள்ள பிழை துளைகளுக்குள் நுழைந்துவிடும்.

சுழற்சி வேகத்துக்கு எளிய கணக்கு இருக்கிறது. அதிவேக எஃகுக் கருவிக்கு நிமிடத்துக்கு 75 மீட்டர் வெட்டு வேகம் என்று வைத்தால், 10 மி.மீ. எண்ட் மில் நிமிடத்துக்குச் சுமார் 2,400 சுற்று சுழல வேண்டும். கருவியின் விட்டம் பாதியானால் சுற்று இருமடங்காகும். மண்ணெண்ணெயைத் தூரிகையால் தொட்டுக்கொண்டே வெட்டுங்கள். வெட்டுவாயில் அலுமினியம் ஒட்டத் தொடங்கினால் முகம் கிழிந்ததுபோல் ஆகும். உடனே நிறுத்தி அதைச் சுரண்டி எடுங்கள்.

7. துளைகளும் மரையும்

இப்போதுதான் துளைகள். முதலில் சென்டர் டிரில்லால் தொடக்கம், பிறகு உரிய டிரில். நேராகப் பெரிய டிரில்லை வைத்தால் முனை வழுக்கி, துளை அரை மி.மீ. விலகும், அதைத் திருத்த முடியாது.

எம்5 மரைக்கு 4.2 மி.மீ., எம்6 மரைக்கு 5 மி.மீ., எம்8 மரைக்கு 6.8 மி.மீ. டிரில். அலுமினியத்தில் மரையின் ஆழம் போல்ட் விட்டத்தைப்போல இருமடங்காவது இருக்கட்டும். எஃகில் ஒரு மடங்கே போதும் என்பதால், எஃகு வேலை செய்து பழகியவர்கள் இதைக் குறைத்துவிடுகிறார்கள். மூன்றாவது முறை கழற்றி மாட்டும்போது மரை பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். மறுபக்கம் திறக்காத துளையில், மரைக்கு வேண்டிய ஆழத்தைவிடச் சில மி.மீ. கூடுதலாகத் துளையிடுங்கள். டேப்பின் கூம்பிய முனைக்கும் சீவலுக்கும் இடம் வேண்டும்.

அடிக்கடி கழற்ற வேண்டிய போல்ட்டுகளுக்குத் தொடக்கத்திலேயே எஃகுக் கம்பிச் சுருள் மரை போட்டுவிடுவது என் வழக்கம். கிராங்க் கேஸின் மக்னீசியத்தில் மாட்டும் போல்ட்டுகளுக்கு இது கிட்டத்தட்டக் கட்டாயம் என்றே சொல்வேன்.

எந்தத் துளையின் மையமும் பாகத்தின் ஓரத்திலிருந்து போல்ட் விட்டத்தைப்போல ஒன்றரை மடங்குக்கும் கிட்டே வரக்கூடாது. இரண்டு மடங்கு இருந்தால் நிம்மதி.

8. காற்று போகும் வழி

அடாப்டரின் உள்துளையை லேத்தின் நான்கு தாடை சக்கிலோ போரிங் ஹெட்டிலோ குடையுங்கள். ஃபிளாஞ்ச் துளைகளும் இதுவும் ஒரே பிடியில் முடிந்தால் இன்னும் நல்லது. ஒருமுறை கழற்றி மாட்டினாலும் மையம் சற்று விலகும்.

கார்புரேட்டரின் வாய் வட்டம். சிலிண்டரின் போர்ட் பெரும்பாலும் நீள்வட்டம். இரண்டுக்கும் இடையே வழி மெல்ல விரிய வேண்டும். மொத்த விரிவுக் கோணம் 7 டிகிரியைத் தாண்டாமல் வைத்தால் காற்று சுவரை விட்டுப் பிரியாமல் போகும். 40 மி.மீ. நீளமுள்ள அடாப்டரில் அது சுமார் 5 மி.மீ. விட்ட வேறுபாடு. அதைவிட அதிக விரிவு தேவைப்பட்டால் அடாப்டரை நீளமாக்குங்கள், அல்லது கார்புரேட்டர் தேர்வையே மறுபடி யோசியுங்கள்.

வட்டத்திலிருந்து நீள்வட்டத்துக்குப் போகும் வளைவைக் கைக் கிரைண்டரில் அகன்ற பல் உள்ள கார்பைடு பர் (சுழன்று செதுக்கும் முனை) வைத்துச் செதுக்க வேண்டும். நெருக்கமான பல் உள்ள பர் சில நொடிகளில் அடைத்துக்கொள்ளும். கேஸ்கெட்டை வைத்துக் கோடு போட்டு, கோட்டுக்குச் சற்று உள்ளேயே நிறுத்தி, பொருத்திப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறவுங்கள்.

இணைப்புகளில் காற்றின் திசையை நினைவில் வையுங்கள். காற்று வந்து மோதும் படி எங்கும் இருக்கக்கூடாது. அடுத்த பாகத்தின் வாய் சமமாகவோ இம்மியளவு பெரிதாகவோ இருக்கலாம். உள்சுவரை 80 அல்லது 120 எண் எமரி தாளோடு நிறுத்திவிடுங்கள். கண்ணாடிபோல் மெருகேற்றினால் சுவரில் படியும் எரிபொருள் துளிகளாகத் திரண்டு ஓடும். லேசான சொரசொரப்பு அதை மறுபடி காற்றில் கலக்க உதவும்.

இந்த நிலையில் பல்ஸ் துளையையும் இடுங்கள். நேராகப் போக வழியில்லாவிட்டால் இரண்டு துளைகளை உள்ளே சந்திக்க வைத்து, வெளிவாயை மரை போட்டு அடைத்துவிடலாம். இடையில் எங்கும் இன்டேக் வழியோடு கலந்துவிடக்கூடாது. கேஸ்கெட்டிலும் அதே இடத்தில் துளை வேண்டும்.

9. சேரும் முகங்களைத் தேய்த்துச் சமமாக்குதல்

கண்ணாடித் தகட்டின் மீது 400 எண் நீர் எமரி தாளை ஒட்டி, சேரும் முகத்தில் மார்க்கரால் கோடுகள் போட்டு, எட்டு வடிவில் தேயுங்கள். கோடுகள் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் மறைந்தால் முகம் சமம். ஓரங்களில் மட்டும் மறைந்தால் நடு பள்ளம்.

ஃபிளாஞ்சை 8 மி.மீ.க்குக் குறையாமல் வையுங்கள். எடையைக் குறைக்க 4 மி.மீ. ஃபிளாஞ்ச் செய்தால், போல்ட்டை இறுக்கும்போது போல்ட் அருகே அமுங்கி நடுவில் எழும்பும். அந்த இடுக்கு வழியே காற்று நுழையும். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் இப்படித் திருட்டுத்தனமாக நுழையும் காற்று கலவையை மெலிதாக்கி, எண்ணெயையும் குறைத்து, பிஸ்டனைச் சிலிண்டரில் இறுகிப் பிடிக்க வைக்கும். கெட்டுப்போன பந்தய எஞ்சின்களில் முதலில் தேட வேண்டிய காரணம் இதுதான்.

கார்புரேட்டருக்கும் அடாப்டருக்கும் நடுவே பேக்கலைட் தகடு ஒன்று கட்டாயம். பழைய ரப்பர் குழாய் வெப்பத்தையும் தடுத்துக்கொண்டிருந்தது; அலுமினியமோ சிலிண்டரின் சூட்டை நேராகக் கார்புரேட்டருக்குக் கொண்டுபோகும். எரிபொருள் உள்ளேயே ஆவியாகி, முதல் வெட்டு நன்றாகப் போகும், இரண்டாவதில் திணறும். சூடு ஆறியதும் மறுபடி சரியாகிவிடுவதால் காரணம் எளிதில் பிடிபடாது.

10. பார் தகடு

இதைப் 10 அல்லது 12 மி.மீ. தடிமனில் செய்யுங்கள். உள்மூலைகளைச் செங்கோணமாக விடாமல் குறைந்தது 3 மி.மீ. ஆரத்தில் வளையுங்கள். இடைவிடாத அதிர்வில் விரிசல் எப்போதும் கூர்மையான உள்மூலையிலிருந்தே கிளம்பும்.

பார் ஸ்டட்டுகளைத் தகட்டின் பின்புறமிருந்து, தலையோடு கூடியதாக நுழையுங்கள். நட்டை இறுக்கும் விசையைத் தலை தாங்கும். அலுமினிய மரையை மட்டும் நம்பினால் ஒரு நாள் ஸ்டட் பாரோடு வெளியே வரும்.

பாரின் காடியும் ஸ்ப்ராக்கெட்டின் நடுவும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். பார் வந்து உட்காரும் முகத்தில் 0.5 மி.மீ. கூடுதலாக விட்டு, எல்லாவற்றையும் ஒருமுறை மாட்டிப் பார்த்த பிறகே கடைசி வெட்டைப் போடுங்கள். காடியின் அகலத்துக்குச் சரியான நேரான எஃகுப் பட்டையைக் காடியில் வைத்து ஸ்ப்ராக்கெட் வரை நீட்டினால் விலகல் கண்ணுக்குத் தெரியும். விலகியிருந்தால் சங்கிலியின் உள்பற்கள் ஒருபக்கமாகத் தேய்ந்து, பாரும் சூடேறும்.

சங்கிலி பிடிப்பானை நீக்கிவிடாதீர்கள். 3/8 அங்குலப் பிட்ச் (சங்கிலியின் ஆணிகளுக்கு இடையிலான சராசரி தூரம்) சங்கிலியை, பல் ஒன்றுக்கு இரண்டு பிட்ச் என்ற கணக்கில், எட்டுப் பல் ஸ்ப்ராக்கெட் ஒரு சுற்றில் 152.4 மி.மீ. நகர்த்துகிறது. நிமிடத்துக்கு 12,000 சுற்றில் அது நொடிக்கு 30 மீட்டருக்கு மேல், மணிக்கு ஏறத்தாழ 110 கி.மீ. ஐரோப்பியத் தரத்தில் செயின்சா பாதுகாப்புக் கால்சட்டையின் மிக உயர்ந்த வகுப்பே நொடிக்கு 28 மீட்டர் வேகத்தில்தான் சோதிக்கப்படுகிறது. மாற்றியமைத்த செயின்சா அந்த எல்லையைத் தாண்டியே ஓடும். கால்சட்டையை அவசியம் அணியுங்கள், ஆனால் அதை நம்பிக் கவசத்தைக் குறைக்காதீர்கள். பிடிப்பானை மட்டும் மென்மையான அலுமினியத்தில் செய்யலாம். அறுந்த சங்கிலியின் அடியை வாங்கித் தான் சிதைவதே அதன் வேலை. தனி போல்ட்டில் மாட்டினால் மாற்றுவது எளிது.

11. வெளிவடிவமும் எடைக் குறைப்பும்

இனி வெளிவடிவத்தை வெட்டலாம். பிடிப்பதற்கு, முடித்த துளைகள் வழியே ஒரு தகட்டில் போல்ட் போட்டு, அந்தத் தகட்டை வைஸில் பிடியுங்கள்.

எடை குறைக்கும் பள்ளங்களைச் சேரும் முகத்துக்கு நேர் பின்னால் வெட்ட வேண்டாம். போல்ட் முதல் போல்ட் வரை நேர்கோடு போட்டுப் பாருங்கள்; அந்தக் கோடுகளுக்கு வெளியே உள்ள உலோகத்தைத் தாராளமாக எடுக்கலாம். ஓரங்களின் பிசிறை அரத்தால் நீக்குங்கள். அரத்தில் முன்கூட்டியே சாக்பீஸ் தேய்த்துக்கொண்டால் அலுமினியம் அடைக்காது.

12. டேங்க்கும் வெல்டிங்கும்

2 மி.மீ. 5052 தகட்டை மடித்துச் செய்யுங்கள். இரண்டு துண்டுகள் மட்டும் சேரும்படி மடிப்பைத் திட்டமிட்டால் வெல்டிங் நீளம் குறையும். கசியும் வாய்ப்பும் குறையும். மூடிக்கும் குழாய் முனைக்கும் மரையிட்ட சிறு உருளைகளைத் தனியே கடைந்து, மூடுவதற்கு முன்பே வெல்டிங் செய்துவிடுங்கள்.

தூய அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதன் மேலுள்ள ஆக்சைடு படலம் உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். சுத்தம் செய்யாமல் வெல்டிங் செய்தால் உள்ளே உருகி வழியும், மேலே சேராது. அசிட்டோனால் துடைத்து, அலுமினியத்துக்கென்று தனியே வைத்த ஸ்டெயின்லெஸ் பிரஷால் தேய்த்து, உடனே வெல்டிங் தொடங்குங்கள். பிரேக் கிளீனரால் துடைக்காதீர்கள். அதில் குளோரின் சேர்ந்த கரைப்பான் இருந்தால் ஆர்க்கின் வெளிச்சத்திலும் சூட்டிலும் ஃபாஸ்ஜீன் என்ற கொடிய நச்சுவாயு உண்டாகும்.

ஏசி டிக் வெல்டிங் (டங்ஸ்டன் முனையால் செய்யும் ஆர்க் வெல்டிங்), தூய ஆர்கான், தகட்டுத் தடிமனில் ஒவ்வொரு மி.மீ.க்கும் சுமார் 40 ஆம்பியர் என்று தொடங்கிச் சரிசெய்யுங்கள். 5052 தகட்டுக்கு 5356 ரக நிரப்புக் கம்பி. சூடேறும் 6061 பாகங்களுக்கு 4043 கம்பி. தொடர்ந்து 65 டிகிரிக்கு மேல் இருக்கும் இடங்களுக்கு 5356 ஏற்றதல்ல. 6061-டி6 பாகத்தில் வெல்டிங்கை ஒட்டிய பகுதி ஏறத்தாழப் பாதி வலிமையை இழந்துவிடும் என்பதால், அதிக விசை வரும் இடத்தில் மடிப்பு வையுங்கள், வெல்டிங் வேண்டாம்.

மெத்தனால் ஊற்றப் போகிறீர்கள் என்றால் பெட்ரோலைவிட இரு மடங்குக்கும் அதிகமாக எரிபொருள் செல்லும். வெளிவாயும் குழாயும் அதற்கேற்ற அகலத்தில் வேண்டும். டேங்க்குக்குக் காற்று நுழையும் வால்வும் தேவை; இல்லாவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி எரிபொருள் வரத்து குறையும். மெத்தனால் அலுமினியத்தையும் மக்னீசியத்தையும் அரிக்கும். ஓட்டம் முடிந்ததும் டேங்க்கைக் காலி செய்துவிடுங்கள். அதன் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது என்பதையும் பக்கத்தில் நிற்பவர்களிடம் சொல்லிவையுங்கள்.

சோதிக்கும்போது 0.2 பார் காற்றழுத்தம் போதும். தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். அதிக அழுத்தம் தட்டையான சுவர்களைப் புடைக்க வைக்கும். எரிபொருள் ஒருமுறை ஊற்றிய டேங்க்கில் மறுபடி வெல்டிங் கூடவே கூடாது. கழுவிவிட்டோம் என்ற நம்பிக்கையில் வெடித்த டேங்க்குகள் பல. புதிதாகச் செய்துகொள்ளுங்கள்.

13. பொருத்துதலும் அழுத்தச் சோதனையும்

அலுமினியமும் மக்னீசியமும் எஃகும் ஈரத்தோடு தொட்டுக்கொண்டிருந்தால் அரிப்பு வரும். போல்ட் மரைகளில் மிதமான பிடிப்புள்ள மரைப்பசையும் மற்றத் தொடு முகங்களில் அரிப்புத் தடுப்பு கிரீஸும் தடவுங்கள். போல்ட்டுகளைக் குறுக்காக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்க வேண்டும். எம்5க்கு 5 முதல் 6 நியூட்டன் மீட்டர், எம்6க்கு 9 முதல் 10 என்று தொடங்கலாம்.

பிறகு எக்ஸாஸ்ட்டையும் கார்புரேட்டர் வாயையும் ரப்பரும் தகடும் வைத்து அடைத்து, ஸ்பார்க் பிளக் துளை வழியாக 0.5 பார் காற்றேற்றி, எல்லா இணைப்பிலும் சோப்பு நீர் தடவுங்கள். அடுத்து அதே அளவு வெற்றிடத்திலும் சோதியுங்கள். கிராங்க் சீல்களில் சில, அழுத்தத்தில் பிடித்துக்கொண்டு வெற்றிடத்தில் மட்டும் காற்றை விடும். முள் நிலையாக நிற்கும் வரை எஞ்சினை ஓட்ட வேண்டாம்.

14. முதல் ஓட்டமும் அதன் பின் பார்க்க வேண்டியவையும்

எச் திருகை வழக்கத்தைவிடத் திறந்து, கலவையை அடர்த்தியாக வைத்துத் தொடங்குங்கள். சுமையில்லாமல் முழு வேகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். சங்கிலி ஓடும் தளத்தின் நேர்கோட்டில் யாரும் நிற்கக்கூடாது.

சில சிறு வெட்டுகளுக்குப் பிறகு எஞ்சினை முழுமையாக ஆற விட்டு, போல்ட்டுகளை மறுபடி அதே அளவுக்கு இறுக்குங்கள். சூடாக இருக்கும்போது இதைச் செய்யக்கூடாது. அலுமினியம் எஃகைப்போல ஏறத்தாழ இருமடங்கு விரியும். சூட்டில் போல்ட் ஏற்கெனவே இழுபட்டிருக்கும், அப்போது பார்க்கும் இறுக்கம் பொய்க் கணக்கு.

அடுத்து அடாப்டரைக் கழற்றிக் கேஸ்கெட்டைப் பாருங்கள். பதிவு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஓர் இடத்தில் பதிவு மங்கலாக இருந்தால் ஒன்பதாவது படிக்குத் திரும்புங்கள். பார் தகட்டின் உள்மூலைகளிலும் வெல்டிங் ஓரங்களிலும் ஊடுருவும் சாயம் தடவி விரிசல் பாருங்கள். போல்ட் துளைகளைச் சுற்றியோ சேரும் முகத்திலோ கறுத்த சாம்பல் நிறப் பொடி தெரிந்தால், அந்த இணைப்பு ஓட்டத்தின்போது அசைகிறது. போல்ட்டை இன்னும் முறுக்கி அதைச் சரிசெய்ய முடியாது. இரண்டு இடங்களில் துல்லியமான துளையிட்டு டவல் பின் (மரையில்லாத எஃகு முளை) இறக்குங்கள்; பக்கவாட்டு விசையைப் பின் தாங்கும், இறுக்கிப் பிடிக்கும் வேலை மட்டும் போல்ட்டுக்கு மிஞ்சும்.